பாம்பனில் நிலைத்த பெயர்

நுழையும்முன்

ஒரு கருவியைப் பயன்படுத்துவது வேறு. அதை அறிந்திருப்பது வேறு. நூறாண்டுகளுக்கும் மேலாகத் தொடர்வண்டிகளைத் தாங்கியும் கப்பல்களுக்கு வழிவிட்டும் நின்ற பாம்பன் தூக்குப்பாலத்தின் பெயரில் ஒரு மனிதர் வாழ்கிறார். பெயரை அறிந்தோர் பலர். மனிதரை அறிந்தோர் சிலர். அவர் கண்டறிந்த நுட்பத்தை அறிந்தோர் அவரினும் சிலர். வில்லியம் ஷெர்சர் என்னும் அப்பொறியாளரின் குறுகிய வாழ்வையும், அது இராமேஸ்வரம் கடற்கரையை வந்தடைந்த வழியையும் கூறுகிறது இப்பாடம்.

மண்டபத்தைக் கடந்ததும் தொடர்வண்டி வேகம் தணிந்து, நடைவேகத்தில் ஊரத் தொடங்கும். இருபுறமும் நிலம் மறைந்து நீர் விரியும். உறங்கிக்கொண்டிருந்தோர் எழுந்து சன்னலுக்கு வருவர். முதியோர் கடலை நோக்கிக் கைகூப்பி நாணயம் இடுவர். குழந்தைகள் படகுகளை எண்ணுவர். பாலத்தின் நடுவே வந்ததும் யாரேனும் ஒருவர் இதுதான் தூக்குப்பாலம் என்று சுட்டிக்காட்டுவார். ஷெர்சர் பாலம் என்னும் பெயரையும் சிலர் கூறுவர். சில நொடிகளில் அந்த எஃகுக் கூடு பின்னே போய்விடும். பேச்சு கோயிலின் தீர்த்தங்களுக்குத் திரும்பிவிடும். 1914 முதல் இவ்வாறு கடந்தவர்கள் பல்லாயிரவர்.

ஷெர்சர் என்பது பாலத்தைக் கட்டிய நிறுவனத்தின் பெயர் என்று எண்ணுவோர் உண்டு. ஜெர்மனியிலிருந்து பாம்பனுக்கு வந்து, வெயிலில் நின்று, இப்பாலத்தை எழுப்பிய பொறியாளர் அவர் என்று எழுதியோரும் உண்டு. உண்மை வேறு. அவர் ஜெர்மன் வழிக் குடும்பத்தில் தோன்றிய அமெரிக்கர். பாம்பன் கடலை அவர் கண்டதில்லை. பாலம் திறக்கப்படுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே அவர் மறைந்துவிட்டார். பாம்பன் பாலத்தை மட்டுமன்று, தம் பெயர் பெற்ற பாலங்களுள் ஒன்றைக்கூட அவர் தம் கண்ணால் காணவில்லை.

ஆற்றங்கரையில் ஓர் இளமை

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பெரு என்று ஒரு சிற்றூர் உண்டு. இல்லினாய் ஆற்றின் கரையில் அமைந்த ஊர் அது. அங்கு 1858ஆம் ஆண்டு சனவரித் திங்களில் வில்லியம் ஷெர்சர் பிறந்தார். உயர்கல்விக்காக அவர் கடல் கடந்து சுவிட்சர்லாந்து சென்றார். சூரிச் நகரின் தொழில்நுட்பக் கல்லூரி அக்காலத்தில் ஐரோப்பாவின் மிகச் சிறந்த பொறியியல் நிறுவனங்களுள் ஒன்றாக விளங்கியது. பிற்காலத்தில் ஐன்ஸ்டைன் மாணவராக அமர்ந்ததும் அங்கேதான். விசைகளைக் கணக்கிடுவதையும் அவற்றைக் கோடுகளாக வரைந்து காண்பதையும் அக்கல்லூரி அடிப்படைப் பயிற்சியாகக் கொண்டிருந்தது. ஷெர்சரின் பிற்காலச் சிந்தனையில் அப்பயிற்சியின் சுவட்டைக் காணலாம்.

கட்டடப் பொறியியலில் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பிய அவர், எஃகுத் தொழிலின் பெருமுதலாளியான ஆண்ட்ரூ கார்னகிக்குரிய கீஸ்டோன் பாலக் கம்பெனியில் பணியாற்றினார். பின்னர் சிகாகோ நகரில் தனியே தொழில் நடத்தலானார். அவருடைய வாழ்வைப் பற்றி எஞ்சியிருக்கும் செய்திகள் மிகக் குறைவு. முப்பத்தைந்து ஆண்டுகளே வாழ்ந்த ஒருவரைப் பற்றி வேறெப்படி இருக்க முடியும்? ஆனால் அவருடைய கடைசிச் சில திங்கள்களின் உழைப்பு மட்டும் எஃகில் எழுதப்பட்டதுபோல் இன்றும் தெளிவாக உள்ளது.

சிகாகோவின் சிக்கல்

1890ஆம் ஆண்டில் சிகாகோவின் மக்கள்தொகை பத்து இலட்சத்தைத் தாண்டியிருந்தது. நகரின் நடுவே ஓடும் சிகாகோ ஆறு அகலம் குறைந்தது; ஆனால் அதில் கப்பல் போக்குவரத்து மிகுதி. தானியமும் மரமும் நிலக்கரியும் ஆற்றின் வழியே வந்தன; மக்களும் வண்டிகளும் ஆற்றைக் குறுக்கே கடந்தனர். கப்பலுக்கு வழிவிட்டால் தெரு நின்றது. தெருவுக்கு வழிவிட்டால் கப்பல் நின்றது.

அக்காலத்தில் அங்கு இருந்தவை பெரும்பாலும் சுழல்பாலங்கள். ஆற்றின் நட்ட நடுவில் ஒரு தூண்; அதன்மேல் பாலம். கப்பல் வரும்போது பாலம் முழுவதும் கால்வட்டம் சுழன்று ஆற்றின் போக்கிலேயே நீளவாட்டில் திரும்பி நிற்கும். கப்பல்கள் பருத்துக்கொண்டே வந்த காலத்தில், ஆற்றின் நடுவில் நிற்கும் அந்தத் தூணே பெருந்தடையாயிற்று. மேலும், பாலம் சுழல்வதற்குப் பக்கவாட்டில் நிறைய வெற்றிடம் வேண்டும்.

அந்நிலையில் மெட்ரோபாலிட்டன் மேற்குப் பகுதி உயர்மட்ட இரயில் நிறுவனம் தன் நான்கு தண்டவாளங்களை ஆற்றுக்குக் குறுக்கே கொண்டுசெல்ல விரும்பியது. அதற்குக் கிடைத்த இடம், ஜாக்சன் தெருவுக்கும் வான்பியூரன் தெருவுக்கும் இடைப்பட்டது. இருபுறமும் ஏற்கெனவே சுழல்பாலங்கள் இருந்தன. மூன்றாவதாக ஒன்று சுழன்றால் அண்டைப் பாலத்தின்மேல் மோதும். சுழல முடியாத இடத்தில் பாலம் எழும்பித்தான் ஆக வேண்டும்.

எழும்பும் பாலம் புதிதன்று. இலண்டனில் அப்போது கட்டப்பட்டுக்கொண்டிருந்த கோபுரப் பாலம் அவ்வகையினது. அதன் நுட்பத்தைத் தமிழ்நாட்டு உழவர் எளிதில் புரிந்துகொள்வர். ஏனெனில் அது ஏற்றக்காலின் நுட்பம். கிணற்றருகில் ஒரு கால். அதன்மேல் அச்சில் ஆடும் நீண்ட துலா. ஒரு முனையில் சால்; மறுமுனையில் எடை. எடையின் துணையால் நீர் நிறைந்த சால் எளிதில் மேலே வரும். கோபுரப் பாலத்திலும் பாலத்தளம் துலாவின் ஒரு முனை, மறுமுனையில் எதிர்எடை, இடையில் தடித்த அச்சு. தளம் எழும்போது எதிர்எடை கொண்ட வால்முனை கீழே இறங்க வேண்டும். அது இறங்குவதற்குத் தூணுக்குள் ஆழமான குழி வேண்டும். ஆற்றுநீருக்குக் கீழே நீர் புகாத பெருங்குழி அமைப்பதென்றால் செலவு கூடும், தூண்கள் பருக்கும். முழு எடையும் அந்த ஓர் அச்சின்மேல் அழுந்துவதால் உராய்வும் மிகும். நெருக்கடி மிகுந்த சிகாகோ ஆற்றங்கரைக்கு அவ்வமைப்பு ஒவ்வாது என்பதை ஷெர்சர் உணர்ந்தார்.

உருளும் பாலம்

அவர் கண்ட விடை வியப்பூட்டும் அளவுக்கு எளிது. அச்சே வேண்டாம் என்று அவர் முடிவுசெய்தார். பாலத்தின் அடிமுனையை வண்டிச்சக்கரத்தின் ஒரு பகுதியைப்போல வளைவாக அமைத்தார். அவ்வளைவு ஒரு சமதளப் பாதையின்மேல் அமர்ந்திருக்கும். பாலத்தைத் திறக்க வேண்டும்போது, அவ்வளைவு பின்னோக்கி உருளும். உருளும்போதே முன்பகுதி தானாக மேலெழும். ஆடுநாற்காலியில் அமர்ந்தவர் பின்னோக்கிச் சாயும்போது அவர் கால்கள் உயர்வதை ஒத்தது இது.

இதில் இரண்டு நன்மைகள் ஒருங்கே கிடைத்தன. முதலாவது எளிதில் கண்ணுக்குப் புலப்படுவது. பாலம் எழுவதோடு நில்லாமல் நீர்வழியைவிட்டுப் பின்வாங்கவும் செய்கிறது. ஆகவே குறைந்த அளவு உயர்த்தினாலே கப்பலுக்கு அகன்ற வழி கிடைத்துவிடும்.

இரண்டாவது நன்மையைக் காண்பதற்கு இயற்பியல் வேண்டும். சமதரையில் உருளும் வண்டிச்சக்கரத்தை நோக்கினால், அதன் விளிம்பு ஏறியும் இறங்கியும் சுழலும். ஆனால் அதன் நடுக்குடம் தரையிலிருந்து எப்போதும் ஒரே உயரத்தில், நேர்கோட்டில் செல்லும். ஷெர்சர் எதிர்எடையை மிகக் கவனமாகக் கணக்கிட்டுப் பின்புறத்தில் அமைத்தார். அதனால் பாலத்தளம், எதிர்எடை ஆகிய அனைத்துக்குமான ஈர்ப்பு மையம், அந்த வளைவின் நடுப்புள்ளியில் வந்து அமர்ந்தது. விளைவு என்ன? பாலத்தின் நுனி பல அடி உயரம் எழுகிறது, ஆனால் ஈர்ப்பு மையம் ஓர் அங்குலமும் எழுவதில்லை, கிடைமட்டமாக நகர்கிறது. புவியீர்ப்பை எதிர்த்து எடையைத் தூக்கும் வேலையே அங்கு நிகழ்வதில்லை. உராய்வையும் காற்றின் எதிர்ப்பையும் நின்ற பொருள் அசையத் தயங்கும் தயக்கத்தையும் வென்றால் போதும். தூக்குப்பாலம் என்று அழைக்கப்படுவது உண்மையில் தூக்கப்படுவதே இல்லை.

தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை இதனோடு ஒப்பிடலாம். அதற்கும் வளைந்த அடிப்பாகம் உண்டு. ஆனால் அதன் எடை வளைவின் நடுப்புள்ளிக்குக் கீழே இருப்பதால், எப்படிச் சாய்த்தாலும் நிமிர்ந்துவிடும். ஷெர்சரின் பாலத்தில் எடை நடுப்புள்ளியிலேயே இருப்பதால், அது எந்த நிலையில் விடப்பட்டாலும் அந்நிலையிலேயே நிற்க இசையும். வளைவு வழுக்கிவிடாதபடி பாதையில் முகைகளும் வளைவில் அவற்றுக்கேற்ற துளைகளும் அமைக்கப்பட்டன. மாபெரும் பற்சக்கரம் ஒன்று மெல்ல நடப்பதைப்போல் பாலம் உருண்டு பின்செல்லும்.

குறையே இல்லாத நுட்பம் அன்று இது. பாலம் உருளும்போது அதன் முழு எடையும் அடித்தளத்தின்மேல் இடம்பெயர்ந்துகொண்டே இருக்கும். மண் உறுதியற்ற இடங்களில் அடித்தளத்துக்கு அது ஒரு சோதனை. சிகாகோ நகராட்சியே 1902 முதல் அச்சில் ஆடும் வேறொரு வகைப் பாலத்தை வளர்த்தெடுத்து அதன்வழி சென்றது. எனினும் 1893இல் அச்சிக்கலுக்கு அதைவிடச் சிறந்த விடையை வேறெவரும் தரவில்லை.

1893ஆம் ஆண்டின் கோடைக்காலம்

அவ்வாண்டு சிகாகோ விழாக்கோலம் பூண்டிருந்தது. கொலம்பஸ் அமெரிக்காவை அடைந்த நானூறாம் ஆண்டு நினைவாக உலகக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. மின்விளக்குகளும் மாபெரும் சுழல்இராட்டினமும் காண உலகெங்கிலுமிருந்து மக்கள் வந்து குவிந்தனர். ஷெர்சரோ வரைபடங்களோடு போராடிக்கொண்டிருந்தார். இரயில் நிறுவனத்தின் பாலத்தோடு, அருகிலேயே வான்பியூரன் தெருப் பாலமும் அதே முறையில் அமைக்கப்படவிருந்தது. தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை வேண்டி அவர் விண்ணப்பித்திருந்தார்.

சூலை 20ஆம் நாள் ஷெர்சர் காய்ச்சலால் உயிர்நீத்தார். அவருக்கு வயது முப்பத்தைந்து. காப்புரிமை அவ்வாண்டு திசம்பரில்தான் வழங்கப்பட்டது. பெற்றுக்கொள்ள அவர் இல்லை.

அவர் தம்மோடு அந்த எண்ணமும் மறைந்திருக்கக் கூடும். அச்சில்லாமல் உருளும் பாலம் பரவலாக அறியப்படாத காலம் அது. கண்டறிந்தவரே இல்லாத நிலையில் அதை நம்பிப் பணம் இடுவதற்குத் துணிவு வேண்டும். அவருடைய உடன்பிறந்தவரான ஆல்பர்ட் ஷெர்சர் அப்பொறுப்பை ஏற்றார். பொறியாளர்களின் துணையோடு வேலை தொடர்ந்தது. இரண்டு பாலங்களும் 1895இல் பயன்பாட்டுக்கு வந்தன. அவை எதிர்பார்த்தபடியே உருண்டு எழுந்தன. ஆல்பர்ட் நிறுவிய ஷெர்சர் உருள்தூக்குப்பால நிறுவனம் அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் இம்முறையைப் பரப்பியது. அயர்லாந்தின் டப்ளின் நகரத் துறைமுகத்தில் நிற்கும் இரு பாலங்கள் இன்றும் ஷெர்சர் பாலங்கள் என்றே வழங்கப்படுகின்றன. ஒருவரின் பெயர் பொதுப்பெயராக மாறிவிட்டது. அவ்வாறு மாறும்போது ஆளை மறப்பது உலக இயல்பு.

இங்கே ஓர் எதிர்பாராத ஒற்றுமையைச் சுட்டலாம். ஷெர்சர் மறைந்த சில நாள்களில், அதே சிகாகோ நகருக்கு விவேகானந்தர் வந்து சேர்ந்தார். அங்கு நடைபெற்ற சமயப் பேரவைக்குச் செல்லுமாறு அவரை ஊக்குவித்தவர்களுள் ஒருவர் இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி. உலகப் புகழுடன் தாயகம் திரும்பிய விவேகானந்தர், 1897 சனவரி 26ஆம் நாள் யாழ்ப்பாணத்திலிருந்து கடல்வழியாக வந்து கால்பதித்த இடம் பாம்பன். மன்னர் கரையில் நின்று வரவேற்றார். அப்போது பாம்பனுக்கும் மண்டபத்துக்கும் இடையில் பாலம் இல்லை. இரயில் மண்டபத்தை எட்டியதே 1902இல்தான். அதன் பின்னரும் காசியிலிருந்து வந்த அடியவராயினும் அரசராயினும் படகேறியே தீவை அடைந்தனர்.

பாம்பனுக்கு வந்த நுட்பம்

தென்னிந்தியாவையும் இலங்கையையும் விரைவான வழியால் இணைக்க வேண்டுமென்பது அன்றைய ஆட்சியாளரின் விருப்பம். வணிகத்துக்கும், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குத் தொழிலாளரைக் கொண்டுசெல்வதற்கும் அவ்வழி தேவைப்பட்டது. தனுஷ்கோடி வரை இரயில், அங்கிருந்து தலைமன்னார் வரை நீராவிக் கப்பல், பின்னர் மீண்டும் இரயில் என்று திட்டம் வகுக்கப்பட்டது. அதற்குப் பாம்பன் கால்வாயைக் கடக்க வேண்டும். கால்வாயை அடைத்துவிடவும் முடியாது. மன்னார் வளைகுடாவுக்கும் பாக் நீரிணைக்கும் இடையே மரக்கலங்களும் சிறு கப்பல்களும் சென்றுவர அதுவே வாயில். சிகாகோவில் தெருவும் ஆறும் மோதிக்கொண்டதுபோல, பாம்பனில் தண்டவாளமும் கடல்வழியும் மோதிக்கொண்டன. விடையும் ஒன்றாகவே அமைந்தது.

1911இல் வேலை தொடங்கியது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளத்தில், நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட கண்களோடு பாலம் உருவாயிற்று. நடுவில், இருநூறு அடிக்கும் மேற்பட்ட நீளமுள்ள பகுதி இரண்டு பாதிகளாகப் பிரிந்து எழும் ஷெர்சர் தூக்குப்பாலமாக அமைந்தது. அதன் எஃகுப் பகுதிகளை இங்கிலாந்தின் ஹெட் ரைட்சன் நிறுவனம் உருவாக்கி அனுப்பியது. 1914 பிப்ரவரி 24ஆம் நாள் பாலம் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து புறப்பட்டுத் தனுஷ்கோடியில் கப்பலோடு கைகோத்த போட் மெயில் என்னும் விரைவு வண்டி இப்பாலத்தின்வழியே ஓடியது. 1988இல் சாலைப் பாலம் திறக்கப்படும் வரை, எழுபத்து நான்கு ஆண்டுகள் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே இருந்த ஒரே நிலவழித் தொடர்பு இதுவே. அரிசியும் மருந்தும் நாளிதழும் இதன்வழியே தீவுக்கு வந்தன. மீனும் கருவாடும் இதன்வழியே வெளியே சென்றன.

தூக்குப்பாலத்தை இயக்கியவை எந்திரங்கள் அல்ல, மனிதக் கைகள். கப்பல் வரும் நாளில், மன்னார் வளைகுடாப் பக்கமும் பாக் நீரிணைப் பக்கமும் படகுகள் வரிசைகட்டிக் காத்திருக்கும். இரயில்கள் நிறுத்தப்பட்டு, இரு பாதிகளையும் இணைக்கும் பூட்டுகள் விடுவிக்கப்படும். இருபுறமும் பணியாளர்கள் நெம்புகோல்களைப் பிடித்துக்கொண்டு வட்டமாக நடந்து பற்சக்கரங்களைத் திருப்புவர். நூறு டன்னுக்கும் மிகுந்த எடைகொண்ட எஃகுப் பாதி ஒவ்வொன்றும் சிறுகச் சிறுக உருண்டு பின்சென்று வானை நோக்கி நிமிரும். கரையில் நின்று காண்போர் அவர்களின் உடல்வலிமையை வியப்பர். வலிமை தேவைதான், ஆனால் எத்தனை மல்லர்கள் சேர்ந்தாலும் அவ்வளவு எடையைத் தூக்க இயலாது. எடையை முன்பே சமன்செய்து வைத்தவர், 1893இல் காய்ச்சலில் மடிந்த அந்த இளைஞர்.

நெம்புகோலைத் திருப்பிய பணியாளர்கள் ஈர்ப்பு மையத்தின் இலக்கணத்தைப் படித்தவர்களாக இருந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் எந்தப் பல்லில் உப்பு அரித்திருக்கிறது, எந்த இணைப்பில் எண்ணெய் வற்றியிருக்கிறது என்பன அவர்களின் கைகளுக்குத் தெரிந்தாக வேண்டும். உலகின் மிகக் கடுமையான அரிப்புச் சூழல்களுள் ஒன்று பாம்பன். அங்கே எஃகைத் துருவிலிருந்து காப்பது ஒருநாள் வேலையன்று. ஓரிடத்தில் தொடங்கிய வண்ணப்பூச்சு மறுமுனையை அடைவதற்குள், தொடங்கிய இடம் மீண்டும் பூச்சை நாடும். அறிவு என்பது நூலில் மட்டும் இருப்பதன்று என்பதற்கு இப்பணியாளர்களினும் வேறு சான்று வேண்டா.

புயல்

1964 திசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவில் கடல் எழுந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குச் சென்றுகொண்டிருந்த பயணியர் வண்டி, நிலையத்தை நெருங்கும் வேளையில் பேரலையால் அடித்துச் செல்லப்பட்டது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் எவரும் பிழைக்கவில்லை. வழக்கமான வண்டியில், வழக்கமான இருக்கையில் அமர்ந்து, வழக்கம்போல் ஊர் சேர்ந்துவிடுவோம் என்று நம்பியவர்கள் அவர்கள். தனுஷ்கோடி என்னும் ஊரே ஓர் இரவில் மணல்மேடாயிற்று.

பாலத்தின் எஃகு உத்தரங்களுள் மிகப் பெரும்பகுதி கடலில் விழுந்தது. தூண்கள் மட்டும் பல்வரிசைபோல் நின்றன. ஆனால் நடுவிலிருந்த ஷெர்சர் தூக்குப்பாலம் தப்பியது. அப்போது முப்பத்திரண்டு வயதே ஆகியிருந்த பொறியாளர் ஈ. ஸ்ரீதரனிடம் சீரமைப்புப் பணி ஒப்படைக்கப்பட்டது. புதிய உத்தரங்கள் வேறு மாநிலங்களிலிருந்து வந்துசேரப் பல திங்கள்கள் ஆகும் என்னும் நிலை. கடலுக்குள் கிடந்தவற்றையே மீட்டுப் பயன்படுத்துவதென முடிவாயிற்று. கடலின் அடித்தரையை அறிந்த மீனவர்களின் உதவியோடு உத்தரங்கள் தேடி எடுக்கப்பட்டு, சீர்செய்யப்பட்டு, மீண்டும் தூண்களில் ஏற்றப்பட்டன. ஆறு திங்கள்கள் தேவைப்படும் என்று கணிக்கப்பட்ட வேலை 46 நாள்களில் முடிந்தது. ஷெர்சரின் வயதோடு ஏறத்தாழ ஒத்த வயதுடைய மற்றோர் இளைஞரால் பாலம் இரண்டாம் முறை உயிர்பெற்றது.

அதன்பின் பாலத்தில் காற்றுவேகமானி பொருத்தப்பட்டது. காற்று மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் வண்டிகள் கரையிலேயே நிறுத்தப்படும். மண்டபத்தில் வண்டி நெடுநேரம் நிற்கும்போது சலித்துக்கொண்ட பயணியருள் எத்தனை பேர் அந்தக் கருவியை அறிந்திருந்தனர் என்பது ஐயமே.

அறிந்ததாக எண்ணுதல்

அறியாமை பாம்பனுக்கு மட்டும் உரியதன்று. 2002இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர்கள் லியோனிட் ரோசன்பிளிட், ஃபிராங்க் கெய்ல் ஆகிய இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பல்லிழுப்பான், பூட்டு முதலான அன்றாடப் பொருள்கள் எவ்வாறு இயங்குகின்றன என்பது தமக்கு எந்த அளவுக்குத் தெரியும் என்று மதிப்பெண் இடுமாறு மக்களைக் கேட்டனர். பலரும் தாராளமாகவே இட்டுக்கொண்டனர். பின்னர், அதன் இயக்கத்தைப் படிப்படியாக விளக்கி எழுதச் சொன்னார்கள். எழுத முயன்ற பின்பு தம் மதிப்பெண்ணைத் தாமே குறைத்துக்கொண்டோர் பலர். இங்கிலாந்தில் ரெபெக்கா லாசன் என்னும் உளவியலாளர் 2006இல் வெளியிட்ட ஆய்வில் மிதிவண்டியை வரையச் சொன்னபோது, சங்கிலியை இரு சக்கரங்களுக்கும் சேர்த்து மாட்டி வரைந்தவர்களும் இருந்தனர். அப்படியொரு வண்டி இருந்தால் அதைத் திருப்பவே இயலாது.

பாம்பன் பாலத்தைப் பற்றிய பரவலான செய்திகளிலும் இதே இயல்பைக் காணலாம். ஷெர்சர் என்னும் பெயர் கிடைத்ததும் அவருக்கு ஒரு நாடு வழங்கப்பட்டது. பாம்பனுக்கு ஒரு பயணம் வழங்கப்பட்டது. கட்டுமானத்தை நின்று நடத்திய பெருமையும் வழங்கப்பட்டது. எவரும் பொய் கூற விரும்பவில்லை. பெயர் தெரிந்தபின் மற்றவையும் தெரிந்துவிட்டதாக மனம் தானே நிரப்பிக்கொள்கிறது. பாலத்தின் அடியில் இருக்கும் அந்த வளைவை ஒருமுறை கூர்ந்து நோக்கியிருந்தால், எப்படி எழுகிறது என்னும் வினா எழுந்திருக்கும். அவ்வினா சிகாகோ வரை அழைத்துச் சென்றிருக்கும்.

2007இல் இப்பாலம் அகலப்பாதையாக மாற்றப்பட்டது. கூடுதல் எடைக்கேற்ப வலுவூட்டப்பட்டது. 2013இல் கடற்படைக்குரிய மிதவைக் கலம் ஒன்று மோதியதால் சேதமுற்று, மீண்டும் சீராயிற்று. மூப்பு மிகவே, 2022 திசம்பரில் இதன்வழியே இரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. அதன் அருகிலேயே புதிய பாலம் எழுந்து, 2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்டது. அதன் நடுவில் உள்ள 72.5 மீட்டர் நீளப் பகுதி இரண்டாகப் பிரிவதில்லை, உருள்வதும் இல்லை. கிணற்று வாளியைப்போலச் செங்குத்தாக மேலெழுகிறது. நெம்புகோல் பிடித்து நடக்கும் பணியாளர்களின் இடத்தில் மின்னோடிகள் வந்துவிட்டன. இருபுறக் கோபுரங்களிலும் எஃகு வடங்களில் எதிர்எடைகள் தொங்குகின்றன. பாலம் ஏறும்போது அவை இறங்குகின்றன. வண்டி அக்கோபுரங்களுக்கு இடையே செல்லும்போது பயணியர் இப்போதும் சன்னலோரம் வந்து, கடலை நோக்கிக் கைப்பேசியை உயர்த்துகின்றனர்.